பிரகாசியின் புதிய கட்டுரைகள்

டீ கிளாஸின் விளிம்பில் ஒரு கரண்டி தட்டும். அந்த ஓசை அடங்குமுன் இன்னொரு கரண்டி, பின் இன்னொன்று, பின் எல்லாம் சேர்ந்து, தகரக்கூரையில் மழை தொடங்குவதைவிடக் கொஞ்சம் கூர்மையாக, கோயில் மணியைவிடக் கொஞ்சம் விளையாட்டாக ஒரு கிணுகிணுப்பு எழுந்து, மாவு மூட்டைகளின்மேல் போய் அடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டில் யாராவது காப்பி கலக்கும்போது கரண்டி தவறி டம்ளரில் பட்டால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது, முதலில் தட்டியது யார் என்று பார்க்க. முதலில் தட்டுகிறவள் எப்போதும் பிரகாசி.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஞானதுரையின் பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடினோம். நாங்கள் என்றால் கட்டுரை எழுதுகிறவர்கள். எந்தப் பத்திரிகையிலும் நாற்காலி இல்லாமல், எல்லாப் பத்திரிகைக்கும் வீட்டிலிருந்தே எழுதி அனுப்புகிறவர்கள். நடந்ததை மட்டும் எழுதுவது என்று சபதம் செய்யாமலே சபதம் செய்துகொண்டவர்கள். பறவைகளைப் பற்றி எழுதும் ஆதிலிங்கம் அண்ணாச்சி தலைவர். காயல்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வரும் மைதீன் பாத்து சமையலின் சரித்திரம் எழுதினாள். நான் சண்முகவடிவு, பழைய கட்டடங்களைப் பற்றி எழுதினேன். பிரகாசி உப்பளம், படகு, வலை, அவற்றோடு மல்லுக்கட்டும் பெண்கள் என்று எழுதினாள். எங்கள் எல்லாரையும்விட அதிகம் எழுதினாள், எங்களில் புத்தகம் வராதவளும் அவள் ஒருத்திதான்.

கூட்டத்தில் முதல் வேலை, யாருக்கு எங்கே என்ன வெளிவந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வது. கை தட்டக்கூடாது, ஒருமுறை தட்டியபோது முன்கடையில் மக்ரூன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே சண்டை என்று எட்டிப்பார்த்துவிட்டார்கள். ஆகவே கரண்டி. கட்டுரைக்கு ஆளுக்கு ஒரு தட்டு, புத்தகத்துக்கு ஓயும்வரை தட்டு.

எங்களிடம் இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. எந்தக் கட்டுரையையும் அனுப்புமுன் இன்னொரு உறுப்பினருக்குத் தொலைபேசியில் வாசித்துக்காட்ட வேண்டும்; கேட்பவர் வாக்கியத்துக்கு வாக்கியம் "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்க வேண்டும். பிரகாசிக்கு நான், எனக்குப் பிரகாசி. மத்தியானம் மூன்று மணிக்கு, தெரு முழுக்க உறங்குகிற நேரத்தில், எங்கள் இருவர் வீட்டில் மட்டும் ஒருத்தி வாசித்துக்கொண்டும் ஒருத்தி கேட்டுக்கொண்டும் இருப்போம், சரிபார்க்க ஒன்றும் இல்லாத நாட்களிலும். கணவர் போனபின், பிள்ளை இல்லாத அந்த மாடிவீட்டில் எனக்கு அந்த மணிச்சத்தம்தான் பகலை இரண்டாகப் பிரித்தது.

இரண்டாவது வழக்கம், தாள். உறுப்பினர்களின் வெளியீடுகளையும் பெருமைகளையும் ஒற்றைத்தாளில் அச்சடித்து மாதாமாதம் பத்திரிகைகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்புவோம். அதைத் தொகுப்பது என் பொறுப்பு. ஒருமுறை ஆதிலிங்கம் அண்ணாச்சிக்கு விருது என்று யாரோ சொன்னதை நம்பித் தாளில் போட்டுவிட, அவர் சொந்த ஊரிலிருந்து உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய மாலையும் வாழைத்தாருமாக வந்து இறங்கி, விருதைக் காட்டும்படி கேட்க, அண்ணாச்சி இல்லாத விருதுக்கு விருந்து போட்டு அவர்களை அனுப்பிவிட்டு வந்து, இனி ஒரு உறுப்பினரைப் பற்றிய எந்தச் சேதியும் அவரே தன் வாயால் "சரி" என்று சொல்லாமல் தாளில் வரக்கூடாது என்று விதி செய்தார்.

ஆனி மாதம் ஒரு விடியலில் பிரகாசி இறந்துபோனாள். நான் போனேன், நெற்றியைத் தொட்டேன், கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டேன், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மேஜைமுன் உட்கார்ந்து தாளுக்கான சேதியை எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தேன்.

"போடலாம்தான்," என்றார் அண்ணாச்சி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "ஆனா அவ சரின்னு சொல்லணுமே."

"மவுத்தாப் போனவுக எப்படி அண்ணாச்சி சரி சொல்லுவாக?" என்றாள் மைதீன் பாத்து.

"அதத்தான் நானும் யோசிக்கேன். விதியில விலக்கு வைக்கலையே. இன்னைக்கு இவளுக்கு விலக்குன்னா, நாளைக்கு எனக்கு இன்னொரு விருதுன்னு போட்டுருவிய. மறுபடி ஒரு வேன் ஆளுக்குச் சோறு பொங்க எம்பொஞ்சாதிக்குத் தெம்பில்ல."

ஆண்டுக் கூட்டத்தில் விதியைத் திருத்தும்வரை சேதியை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வரியை அச்சில் பார்க்க எனக்கும் ஆசை இல்லை. அந்த வாரமே தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் என் வீட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு அது சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

மறுமாதம் ஒரு வார இதழில் பிரகாசியின் கட்டுரை வந்திருந்தது. முன்னமே அனுப்பியிருப்பாள் என்று பேசிக்கொண்டு ஆளுக்கு ஒரு தட்டு தட்டினோம். அதற்கடுத்த கட்டுரை, ஐப்பசி மழையில் உப்பளங்கள் கரைந்துபோனதைப் பற்றியது. அந்த மழை பெய்து பத்து நாள்கூட ஆகவில்லை. இதழாசிரியருக்கு எழுதிக் கேட்டோம். கட்டுரை எப்போதும்போல் பிரகாசியின் கையெழுத்தில், தபாலில், ஓரம் ஈரமான உறையில் வந்தது, உங்கள் வட்டத்திலேயே சொன்ன நாளில் சரியாக அனுப்புகிறவர் அவர்தான், மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லவும் என்று பதில் வந்தது.

கட்டுரையில் பெயர் வந்திருந்த உப்பளத்துக்காரி அமிர்தக்கனியைத் தேடிப்போய் விசாரித்தோம்.

"வந்தாவளே," என்றாள் அவள், கால்வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டே. "கருப்பட்டிக் காப்பி குடுத்தேன், குடிச்சாவ. மழையில பாத்தி போனதச் சொன்னேன், எழுதிக்கிட்டாவ. போம்போது குடையக்கூட மறக்கல."

"அவுக செத்து அஞ்சு மாசம் ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள் மைதீன் பாத்து.

"தெரியுமே. அடக்கத்துக்கு நானும் வந்தேம்லா. அதுக்கு? வீடு தேடி வந்த பொம்பளையப் போங்கன்னா சொல்ல முடியும்?"

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பிரகாசி வருவாள் என்று வலை பின்னுகிறவர்கள் வாசலைப் பெருக்கிவைத்தார்கள். சங்கு வியாபாரி தன் அப்பா கடலில் காணாமல்போன கதையைக் கோர்வையாகச் சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டார். பங்குச்சாமியார் மரித்தோர் பூசையில் அவள் பெயரை வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், அந்த இடம் வந்ததும் லேசாக இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ஞானதுரை அவள் கிளாஸைக் கழுவி, அவள் இடத்தில் கவிழ்த்துவைத்தார். தபால்காரர் அவள் பூட்டிய வீட்டுக் கதவிடுக்கில் பத்திரிகைகளின் இலவசப் பிரதிகளைச் செருகினார், மறுநாள் அவை அங்கே இருப்பதில்லை. அவள் போய் உட்கார்ந்த வீடுகளில் எல்லாம் ஒன்றைத்தான் சொன்னார்கள்: நன்றாகக் கேட்டுக்கொண்டாள், நிறையக் கேள்வி கேட்டாள், எழுந்திருக்க மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டாள்.

மாதந்தோறும் தாளின் பாதியை அவளே நிரப்பினாள். அவளைப் பற்றி அவளிடம் சரி கேட்க வழியில்லை. ஆனால் பத்திரிகையில் வந்ததைப் பத்திரிகையைப் பார்த்துப் போடலாம் என்று அண்ணாச்சி விதிக்கு விளக்கம் சொன்னார். சொல்லும்போது முகம் சிறுத்திருந்தது.

"நான் உசுரோட அனுப்புன பூநாரைக் கட்டுரை அங்க தூங்குது," என்றார். "இவளுக்கு மட்டும் அட்டையில பேரு."

"நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்களேன் அண்ணாச்சி," என்றாள் மைதீன் பாத்து. "அங்க எழுத நேரம் நெறையக் கெடைக்குமாம்."

அடுத்த வருடம் சென்னைப் பதிப்பகம் ஒன்று அவள் கட்டுரைகளைப் புத்தகமாகப் போட்டது. வாழ்நாளெல்லாம் அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். பிரதிகளை மேஜைமேல் வைத்துவிட்டு நாங்கள் கரண்டிகளைக் கையில் எடுத்தோம். எடுத்தவர்கள் அப்படியே இருந்தோம். முதலில் தட்டுவது யார் என்று எவருக்கும் தெரியவில்லை. முன்கடையில் ஒரு குழந்தை கேக் கேட்டு அழுவது கேட்டது. கடைசியில் ஞானதுரை வந்து, டீ ஆறுகிறது என்றார், நாங்கள் குடித்தோம்.

அவள் என் வீட்டுக்கு வரவில்லை.

உப்பளத்துக்குப் போனாள், தோணித்துறைக்குப் போனாள், என் தெருமுனையில் ஐஸ் உடைக்கிறவனிடம் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிவிட்டுப் போனாள், என் படி ஏறவில்லை. வேலையாகத்தான் வருகிறாள், என்னிடம் அவளுக்கு என்ன வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுரைக்கு ஆகிற மாதிரி என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றி, மொட்டைமாடியில் தொட்டி கட்டி உப்பு விளைவிக்கப் பார்த்தேன்; கைப்பிடியளவு விளைந்தது, சாம்பல் நிறத்தில். என் அப்பா ஒரு புயலைக் கண்ணால் பார்த்தவர் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

"ஏன் வடிவக்கா கெடந்து அலையிறிய?" என்றாள் மைதீன் பாத்து. "நீங்க கேள்வி கேக்குற ஆளு. கேக்குற ஆளப் பத்தி யாரு எழுதுவா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன்.

அதன்பிறகுதான் பிழைகளைக் கவனித்தேன். மார்கழியில் கச்சான் காற்று அடித்ததாக எழுதியிருந்தாள். கச்சான் ஆடியில் அடிப்பது, அதை அவளே எனக்குச் சொல்லித்தந்தவள். அடுத்ததில் ஒரு படகின் பெயர் மாறியிருந்தது. அதற்கடுத்ததில் அமிர்தக்கனிக்கு இல்லாத ஒரு மகள். யாரும் "யார் சொன்னது?" என்று கேட்காததால் அவள் வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் தடம் விலகிப் போய்க்கொண்டிருந்தன, இருட்டில் சுவரைத் தடவாமல் நடக்கிறவளைப்போல. ஊரில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. அமிர்தக்கனிகூட, "அவிய எழுதுனா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, இல்லாத மகளுக்கு ஒரு பெயரும் யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

அப்புறம் அந்தக் கட்டுரை வந்தது. கட்டுரை எழுதுகிறவளின் வாழ்க்கையைப் பற்றி, பெரிய இதழில், இரண்டு பக்கம். அதன் நடுவில் இருந்தது: "என் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டுத் திருத்தியவள், மறைந்த என் தோழி சண்முகவடிவு."

மறைந்த.

மறுநாள் பால் வரவில்லை. கேட்டதற்குப் பால்காரர், "அம்மா போயிட்டாவன்னு பேப்பர்ல வந்துட்டே," என்றார் என்னிடமே, வருத்தமாக. பக்கத்து வீட்டு ரெஜினா எனக்கு எதிரில் நின்றுகொண்டு, "நல்ல பொம்பள, சத்தமே கேக்காது," என்று தன் மருமகளிடம் சொன்னாள். வீட்டுக்காரர் படியில் 'வாடகைக்கு' என்று பலகை மாட்டினார். என்னைக் கண்டதும் கும்பிட்டார், படத்தைக் கும்பிடுவதுபோல. கூட்டத்துக்குப் போனேன். என் கிளாஸும் கவிழ்ந்திருந்தது.

"நான் இருக்கேன் அண்ணாச்சி," என்றேன்.

"இருக்கிய," என்றார் அவர், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "ஆனா அச்சில வந்துட்டே வடிவம்மா. தாள்ல திருத்தம் போடணும்னா நீங்க சரின்னு சொன்னாப் போதும். இதழ்ல திருத்தம் போட எழுதுனவ சொல்லணும். அவள எங்க போய்ப் புடிக்க?"

அன்று கடற்கரையோரமாக நடந்து வீடு திரும்பும்போது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் ஏன் வரவில்லை என்று புரிந்துவிட்டது. மூன்று மணிக்கு அழைத்திருக்கிறாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நான் அவளுக்காகக் காத்திருந்த காலம் முழுக்க அவள் எனக்காகத் துக்கம் கொண்டாடியிருக்கிறாள்.

பழைய எண்ணே வேண்டும் என்று விண்ணப்பித்தேன். லைன்மேன் வந்து கம்பியை இழுத்துக்கொண்டே, "எல்லாரும் இதத் தூக்கிப்போடுதாவ, நீங்க ஒராள்தான் திரும்பக் கேக்கிய. யாரு கூப்பிடப்போறா?" என்றான். தொலைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். மூன்று மணிக்கு அது ஒலித்தது.

"ஏட்டி வடிவு," என்றாள் பிரகாசி. "நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"செத்துட்டன்னு எழுதிட்டனே!"

"யார் சொன்னது?"

அவள் சிரித்தாள், பழைய சிரிப்பு, கடைசியில் இருமலில் முடிவது. "யாரும் சொல்லலட்டி. போன் எடுக்கல, நானா முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து பாக்கப் பயமா இருந்துச்சு. செத்தவ வீட்டுல போயி எப்படி ஏறுறது?"

"விசாரிக்காம எழுதலாமா?"

"தப்புதான். திருத்தம் அனுப்பிருதேன்."

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு மணி அடித்தது. அவள் வாசித்தாள், நான் கேட்டேன், கச்சான் ஆடிக்குத் திரும்பியது, அமிர்தக்கனியின் மகள் இல்லாமல் போனாள், படகுகள் தங்கள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டன. இதழில் திருத்தம் வந்து, பால் வந்தது, பலகை இறங்கியது. நான் வேறொன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் தோன்றவில்லை. என் மேஜை இழுப்பறையில் அந்த நிறுத்திவைத்த சேதி இருந்தது. ஆண்டுக் கூட்டங்கள் வந்தன, போயின, விதியைத் திருத்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் பெயர் அச்சில் உயிரோடு இருக்கும்வரை மணி அடிக்கும் என்று எனக்குத் தெரியும்; யாரும் சொல்லவில்லை, தெரியும்.

ஆனால் அவள் குரல் தேய்ந்துகொண்டு வந்தது. வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினாள்.

"என்ன செய்யுது?" என்றேன் ஒரு நாள்.

"காலு வலிக்கிட்டி. நடந்துக்கிட்டே இருக்கேன். போற வீட்டுல எல்லாம் உக்காருங்கன்னு சொல்லுதாவ, ஆரும் படுங்கன்னு சொல்ல மாட்டேங்காவ. அம்மாகிட்டப் போலாம்னு பாத்தா வழி நெனப்புக்கு வரமாட்டேங்கு. எங்க கேட்டாலும் அடுத்து எதப் பத்தி எழுதப்போறியன்னுதான் கேக்காவ."

வெளியே ஒரு காக்கை தகரத்தின்மேல் நடந்துபோனது.

"வடிவு. நான் சரிபாக்க வேண்டியது ஏதாச்சும் பாக்கி வச்சிருக்கியா?"

அவள் என்னிடம் நேராகக் கேட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருத்திக்கொருத்தி கொடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான், கேட்டால் உள்ளதைச் சொல்வது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கும் மூன்று மணி வரும். இழுப்பறையைத் திறக்க என் கைக்கு வெகுநேரம் ஆயிற்று.

"பிரகாசி, கட்டுரையாளர்," என்று வாசித்தேன்.

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லும்."

"ம்."

"ஆனி மாதம் தன் வீட்டில் காலமானார்."

கம்பியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. கடல் இரைச்சலாகவும் இருக்கலாம்.

"யார் சொன்னது?" என்றாள், மிகவும் மெதுவாக.

"நான்தான் சொல்லுதேன். நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு."

"கூட ஆரு இருந்தா?"

"நான் இருந்தேன், பிரகாசி."

"எங்க வச்சிய?"

"ஒங்கம்மா பக்கத்துல. மதிலோரம், வேம்பு நிக்கில்லா, அதுக்கு இந்தப் பக்கம்."

"ஆமா, வேம்பு," என்றாள், தொலைத்த சாவி கையில் தட்டுப்பட்டவளைப்போல. "மெயின் ரோட்டுல நேராப் போயி, சர்ச்சு தாண்டி. எனக்கு வேம்பு மறந்துபோச்சுட்டி." பிறகு, "சரி," என்றாள். "போடு."

நான் ரிசீவரை வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கோ, கண்ணாடி விளிம்பில் ஒரு கரண்டி ஒரே ஒரு முறை தட்டியது. அந்த ஓசை முழுக்க அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சேதி அந்த மாதத் தாளில், புதிய வெளியீடுகளுக்குக் கீழே வந்தது. பங்குச்சாமியார் அடுத்த பூசையில் இருமாமல் அவள் பெயரை வாசித்தார். பிரகாசி, கட்டுரையாளர், ஆனி மாதம் தன் வீட்டில் காலமானார். தூத்துக்குடிக் கல்லறைத் தோட்டத்தில், மதிலோர வேம்புக்கு இந்தப் பக்கம், அவருடைய அம்மாவுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.